கனைப்புக்கு அசையாத குட்டி

அத்தியாயம் 11

"நான் அந்தமானுக்குப் போறேன்" என்று மனைவி சொன்னால் கணவன் போ என்பான். இல்லாவிட்டால் போகாதே என்பான். மரியநாதபுரம் மூன்றாவது தெரு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பாக்கியராஜ் இரண்டையும் சொல்லவில்லை.

"நாம ஒரு நாய் வளக்கலாம் அமலா" என்றார்.

தவக்காலத்துக்கு முந்தைய கடைசி ஞாயிறு, ஆட்டுக்கறிக் குழம்புக்கும் ரசத்துக்கும் நடுவே நடந்தது அது. போர்ட் பிளேயரில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பெண்கள் பள்ளிக்கு ஏப்ரலிலிருந்து ஒரு கணக்கு டீச்சர் வேண்டும். பள்ளியின் தலைமைச் சகோதரி ஜோஸ்பின், அமலராணியோடு பி.எட். படித்தவர். அவரே கூப்பிட்டிருந்தார். தங்க அறை, சாப்பாடு, ஜன்னலைத் திறந்தால் கடல். அமலராணி போன மே மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தாள். கணக்கு இன்னும் அவளைவிட்டு ஓய்வு பெறவில்லை.

பாக்கியராஜால் போகாதே என்று சொல்ல முடியாது. போன மகளிர் தினத்தில் மூன்று பள்ளிகளில் பெண் விடுதலையைப் பற்றிப் பேசி மூன்று சால்வை வாங்கியவர் அவர். (சால்வைகளை மடித்துப் பீரோவில் வைத்தவள் அமலராணி.) அதனால் பெண் விடுதலைக்கும் தனக்கும் நடுவே ஒரு நாயைக் கொண்டுவந்து நிறுத்தினார். நாய் வந்தால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

அமலராணியும் ஒரு தப்பு செய்தாள். "சோத்துல முடி விழும். முடி கொட்டாத நாயா இருந்தாப் பாக்கலாம்" என்று சொல்லிவைத்தாள், அப்படி ஒரு நாய் உலகத்திலேயே கிடையாது என்ற தைரியத்தில்.

கிடைத்துவிட்டது. அவர் ஒரு வாரம் செல்போனும் கையுமாக இருந்து கண்டுபிடித்துவிட்டார். பூடுல் என்று ஒரு இனம். அசல் பூடுல் தொட முடியாத விலை. ஆனால் பூடுலையும் காக்கர் ஸ்பேனியலையும் சேர்த்த கலப்பினக் குட்டிகள் தாடிக்கொம்பு பக்கம் ஒரு தென்னந்தோப்பில் விற்பனைக்கு இருக்கின்றன.

சனிக்கிழமை காலை மதுரையிலிருந்து மகள் லிடியா வந்து காரை எடுத்தாள். பாக்கியராஜுக்குக் கார் ஓட்டத் தெரியாது. வழி சொல்லத் தெரியும்.

"லெப்ட்ல போ. அவனுக்கு ஹார்ன் அடி. அறிவுல ஒலகத்துலயே ரெண்டாவது எடம் தெரியுமா, பூடுல்?"

"மொத எடம் எதுப்பா?"

"அது ஏதோ ஆடு மேய்க்கிற நாய்."

அந்த நாய் ஏதோ சிபாரிசில் முதலிடம் வாங்கியதுபோல இருந்தது அவர் சொன்ன தொனி.

"காக்கர்?"

"அது பாசம். ஒண்ணு மூளை, ஒண்ணு பாசம். ரெண்டும் ஒரே ஒடம்புல. அதான் சயின்ஸ்."

லிடியா கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தாள். "அதுக்குத்தான் நம்ம வீட்டுல அம்மா இருக்கே."

அமலராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் சிஸ்டருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஏப்ரல் என்றால் டிக்கெட் எடுக்க வேண்டும்; வருவதாக இல்லையென்றால் அவர்கள் வேறு ஆளைப் பார்க்க வேண்டும். ஒரு வாரமாகப் பதில் அவள் தொண்டையில் இருக்கிறது. வெளியே வரவேண்டிய நேரமெல்லாம் வீட்டில் நாயைப் பற்றிய உரை நடந்துகொண்டிருந்தது.

"பேரு கூட முடிவு பண்ணிட்டேன். சாக்ரடீஸ்."

"கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள அது கேட்டைத் தாண்டிப் போயிரும்பா."

"நான் கூப்பிட்டா நிக்கும்" என்று சொல்லிவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

அந்தக் கனைப்பைப் பற்றிப் புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். அசெம்பிளியில் அவர் கனைத்தால் மைதானம் அடங்கும், கொடிக்கம்பத்து உச்சியிலிருந்த காக்கை பறக்கும் என்பார்கள். ஓய்வுக்குப் பிறகு அது வீட்டுக்கு மாற்றலாகி வந்துவிட்டது. குட்டையாக ஒரு கனைப்பு என்றால் காப்பி. இழுத்துக் கனைத்தால் மூக்குக்கண்ணாடியைக் காணோம். அமலராணிக்கு அகராதி மனப்பாடம்.

தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த சோலைமலை, காரைப் பார்த்ததும் உள்பக்கம் குரல் கொடுத்தார். "ஏம்மா கௌசல்யா, நாய்க்கு ஆளு வந்திருக்கு." பிறகு பாக்கியராஜைப் பார்த்து, "தேங்காய்க்கு ஒருத்தரும் காரு போட்டு வாரதில்லைங்க" என்றார். வருத்தமா வரவேற்பா என்று தெரியவில்லை.

மருமகள் கௌசல்யா முப்பது வயதுக்காரி. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு கையில் பால் தட்டோடு வந்தாள்.

"வாங்க சார், வாங்க டீச்சர். மொதல்ல தாயப் பாருங்க. தாய் கொணம் பாத்துத்தான் குட்டி எடுக்கணும்."

"அதெல்லாம் படிச்சிருக்கேம்மா. குட்டியைக் காட்டு."

"சொல்ல வேண்டியதச் சொல்லிருறேன் சார். முடி கொட்டாதுங்கிறது நெசம். ஆனா தெனம் சீவணும். நாலு நாள் விட்டாப் போதும், அக்குள்ல, காதுக்குப் பின்னால எல்லாம் சிக்குப் போட்டு மொட்டை அடிக்கிற நெலமைக்கு வந்துரும். அப்பறம் இது கலப்பு. எம்புட்டு வளரும், சுருட்டை வருமா, நீட்டமா வருமான்னு யாரும் கேரண்டி குடுக்க முடியாது. குடுத்தா அது பொய்யி."

தெனம் என்ற சொல் வந்தபோது பாக்கியராஜ் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். கூடுதல் வகுப்பு யாருக்கு என்று ஸ்டாஃப் மீட்டிங்கில் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

தென்னங்கிடுகு போட்ட கொட்டகையில் நான்கு குட்டிகள். கருப்பு ஒன்று, பழுப்பு ஒன்று, கருப்பும் வெள்ளையுமாக ஒன்று, கோயிலில் முதல்முறையாகப் புதுநன்மை வாங்கும் பிள்ளையின் கவுன்போல முழு வெள்ளையாக ஒன்று. பாக்கியராஜ் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"வரிசையா நிக்க வைம்மா."

"நாய்க்குட்டி சார்" என்றாள் கௌசல்யா.

"முப்பத்து நாலு வருசம் அட்மிஷன் போட்டவன் நான். ஒரு பிள்ளை ரூமுக்குள்ள நடந்து வாரதைப் பாத்தே டென்த்ல என்ன மார்க் வாங்கும்னு சொல்லிருவேன்."

கருப்புக் குட்டி நடந்து வந்து அவர் செருப்பின் வாரைக் கடித்தது. "முரடு" என்றார். பழுப்பு வந்து அதே செருப்பில் மூத்திரம் போனது. "ஒழுக்கக் குறைவு." கருப்பு வெள்ளை அவரைப் பார்த்து விடாமல் குரைத்தது. "வாயாடி." வெள்ளை வரவே இல்லை. சாக்கின்மேல் முன்னங்காலை நீட்டிப் படுத்துக்கொண்டு ஓர் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இப்ப பாரு" என்றார் பாக்கியராஜ். நெஞ்சை நிமிர்த்தினார். கனைத்தார்.

தோப்பே அதிர்ந்தது. கருப்புக் குட்டி சாக்கு மூட்டைக்குப் பின்னால் பாய்ந்தது. பழுப்பு நின்ற இடத்திலேயே மறுபடி மூத்திரம் போனது. கருப்பு வெள்ளை ஊளையிட்டது. தூரத்தில் சோலைமலையின் கையிலிருந்த தேங்காய் நழுவி உருண்டது.

வெள்ளைக் குட்டி எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாத்தியா!" பாக்கியராஜ் எழுந்தே விட்டார். "பாத்தியா லிடியா! பயம் இருக்கா? பதட்டம் இருக்கா? இதுக்குப் பேருதான் நெஞ்சுரம்!"

"சார், அது வந்து..." என்றாள் கௌசல்யா.

"செத்த இரும்மா. சாக்ரடீஸ்!" என்று கை தட்டிக் கூப்பிட்டார். குட்டி அசையவில்லை. "கவனச் சிதறலே இல்ல!"

"சார், நான் சொல்றதக் கேளுங்க. அதுக்கு..."

"நீ எதுவும் சொல்ல வேணாம். குட்டியே சொல்லிருச்சு."

கௌசல்யா பால் தட்டைக் கீழே வைத்தாள். "சார், அது விக்கிறதுக்கு இல்ல. நாங்களே வச்சுக்கப் போறோம்."

பாக்கியராஜின் முகம் மலர்ந்தது. ஜூன் மாதத்து அட்மிஷன் நாட்களில் 'அந்த சீட் குடுக்கிறதுக்கு இல்ல' என்று அவர் எத்தனை பெற்றோரிடம் சொல்லியிருக்கிறார். எப்போதும் நல்ல வகுப்பின் நல்ல சீட்டைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார். ஒன்றுக்கும் உதவாத சீட்டை இல்லை என்று சொன்னதாக அவருக்கு நினைவில்லை.

"கவனிச்சியா?" என்று மகளிடம் ரகசியம் சொன்னார். அவருடைய ரகசியம் சோலைமலைக்குக் கேட்டது. "நல்லத உள்ள ஒதுக்கிட்டு மிச்சத்தத்தான் கடை பரப்புவாங்க. எங்கிட்டயேவா?"

"அய்யோ சார், ஒதுக்கினதுக்குக் காரணமே வேற."

"காரணம் எனக்குத் தெரியும்மா. நீ உக்காந்திருக்கிற நாற்காலியில நான் எத்தனை வருசம் உக்காந்திருக்கேன்."

அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். அதைச் சொல்லிப் பயனில்லை என்று அவளுக்கும் புரிந்துவிட்டது. பாக்கியராஜ் குட்டியைப் படம் எடுத்து, கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையின் வாட்ஸப் குழுவில் போட்டார். கீழே ஒரு வரி: 'தேர்வு நிறைவுற்றது. அறிவியல் முறைப்படி.'

அப்போது கௌசல்யாவின் வீட்டுக்குள் குக்கர் விசில் அடித்தது.

மூன்று குட்டிகளும் ஒரே நேரத்தில் வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பின. வெள்ளை திரும்பவில்லை. பக்கத்துக் குட்டி திரும்பியதைப் பார்த்தது. பிறகுதான் தானும் திரும்பியது.

அமலராணி இந்தத் திரும்பலை முன்பு பார்த்திருக்கிறாள். ஏழாம் வகுப்பு பி பிரிவில் ஒரு பெண். 'புத்தகத்தை எடுங்க' என்றால் எல்லாரும் எடுத்த பிறகு ஒரு நொடி தள்ளி எடுப்பாள். திமிர் என்று மூன்று டீச்சர்கள் அடித்திருந்தார்கள்.

அமலராணி எழுந்து குட்டியின் பின்பக்கமாகப் போனாள். தலைக்குப் பின்னால் விரலைச் சொடுக்கினாள். ஒன்றுமில்லை. முன்னால் வந்து குனிந்து, ஓசையே இல்லாமல் விரலை மட்டும் அசைத்தாள். குட்டி வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து வந்தது.

கை கழுவுகிற சாக்கில் கௌசல்யாவைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப் போனாள்.

"இதுக்குக் காது கேக்காதுல்ல?"

"எத்தன தடவ வாயத் தொறந்தேன் டீச்சர்! சார் விட்டாத்தான?" கௌசல்யா கொட்டகைப் பக்கம் கை காட்டினாள். "முழு வெள்ளையாப் பொறக்கிறதுக்குச் சமயத்துல இப்படி வருமாம், டாக்டரு சொன்னாரு. தட்டத் தட்டுனா மத்ததெல்லாம் ஓடியாரும். இது அதுக ஓடுறதப் பாத்துட்டு ஓடியாரும். நல்ல புத்தி. ஏமாத்தி வித்துட்டேன்னு நாளைக்கு ஒரு சொல்லு வந்துரக் கூடாதுன்னுதான் வச்சுக்கிட்டேன். சார்ட்ட நீங்களே சொல்லிருங்க டீச்சர்."

"வளக்கிறது கஷ்டமா?"

"கையால பேசணும். உக்காருன்னா உள்ளங்கைய விரிச்சுக் காட்டணும், வான்னா மடக்கணும். ஒரே ஆளு சொல்லிக் குடுக்கணும். ஒரு வருசமாச்சும் கூடவே இருக்கணும். ஆளு மாறி மாறிக் காட்டுனா அது கொழம்பிப் போயிரும். ரோட்டுல ஹார்ன் கேக்காது பாருங்க, கயிறு இல்லாம வெளியவும் விட முடியாது."

அமலராணி தொட்டி விளிம்பில் சாய்ந்துகொண்டாள். இப்போது போய் அவர் காதோடு சொன்னால், வெள்ளையை விட்டுவிட்டுக் கருப்பை எடுப்பார். கருப்பைச் சீவப்போவது அவள். சொல்லாமல் விட்டால், நாளைக்கு அவரே கண்டுபிடிப்பார். 'காது கேக்காத ஜீவனை விட்டுட்டு அந்தமானுக்கா போற?' என்று ஒரே கேள்வி. அதற்குப் பதில் கிடையாது. எந்தப் பக்கம் போட்டாலும் விடை அடுப்படி என்றே வந்தது. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் பிள்ளைகளிடம் என்ன சொல்வாள்? கணக்கையே மாற்றி எழுதிப் பார் என்பாள்.

கொட்டகையில் பாக்கியராஜ் குட்டிக்கு எதிரே நின்று கிரேக்கத் தத்துவம் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். குட்டி அவர் முகத்தைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து, காது நன்றாகக் கேட்டும், முப்பத்து மூன்று வருடமாகத் தான் செய்துவரும் வேலையை அது எவ்வளவு சுலபமாகச் செய்கிறது என்று அமலராணிக்குத் தோன்றியது.

பாக்கியராஜின் செல்போன் அடித்தது. எதிர்வீட்டு பெலிக்ஸ், வீடியோ காலில். மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். லாப்ரடார் வைத்திருப்பவர். பங்குப் பேரவைத் தேர்தலில் பாக்கியராஜிடம் தோற்றவர். படத்தைப் பார்த்த உடனே கூப்பிட அவருக்கு மூன்று காரணங்கள்.

"என்ன சார், பூடுல்னீங்க? பாக்க ஆட்டுக்குட்டி மாதிரியில்ல இருக்கு!"

"அறிவுல ஒலகத்துல ரெண்டாவது எடம் பெலிக்ஸ். உங்க லாப்ரடார் எத்தனாவதுன்னு பாத்துட்டுப் பேசுங்க. நானே டெஸ்ட் வச்சேன். ஒரு சத்தத்துக்கு அசையணுமே!"

அமலராணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கணவரின் தோளுக்குப் பக்கத்தில், திரையில் முகம் தெரிகிற மாதிரி நின்றாள்.

"பெலிக்ஸ் அண்ணே, நல்லா இருக்கீங்களா? சார் என்ன பண்ணியிருக்காருன்னு அவரு வாயால சொல்ல மாட்டாரு. நான் சொல்றேன். இந்தக் குட்டிக்குப் பொறவியிலயே காது கேக்காதுண்ணே. விக்கவே மாட்டோம்னு இவங்க ஒதுக்கி வச்சிருந்தாங்க. இவரு வந்து, எனக்கு இதுதான் வேணும்னு பிடிவாதமா எடுத்திருக்காரு. இந்தக் காலத்துல யாருக்கு வரும் இம்புட்டுப் பெரிய மனசு?"

கௌசல்யா வாயைப் பொத்திக்கொண்டாள். லிடியா தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்தாள், அங்கே ஏதோ எழுதியிருப்பதுபோல.

பாக்கியராஜின் முகத்தில் ரத்தம் ஏறியது, இறங்கியது. குட்டியைப் பார்த்தார். எறும்பைப் பார்த்தார். தன் கனைப்பு போய் விழுந்த இடம் இன்னதென்று அவருக்குப் புரிந்துகொண்டிருந்தது. தெரியாது என்று சொல்லலாம். சொன்னால் செவிட்டு நாய்க்கு வாய்மொழித் தேர்வு வைத்த தலைமையாசிரியர் என்று நாளைக்குப் பூசைக்கு முன்பே பங்கு முழுக்கப் பரவிவிடும். பெலிக்ஸ் கோயில் மணியைவிட வேகமானவர்.

"நெசமாவா சார்?" என்றார் பெலிக்ஸ். "தெரிஞ்சேவா எடுத்தீங்க?"

பாக்கியராஜ் கனைத்தார். இந்த முறை அது சிறியதாக வந்தது.

"தெரியாம எடுப்பேனா பெலிக்ஸ்?"

அடுத்த வாக்கியத்துக்கு அவர் கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை. "குறைங்கிறது ஒடம்புல இல்ல, பாக்கிற பார்வையில இருக்கு" என்றார். ஏற்கனவே ஒரு விழாவில் சால்வை வாங்கிக் கொடுத்த வாக்கியம். அதன் பின்னாலேயே இரக்கம், மனிதநேயம், படைப்பின் மேன்மை எல்லாம் வரிசையில் வந்தன. பேசப் பேச அவருக்கே நம்பிக்கை வந்துகொண்டிருந்தது. காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே இந்த எண்ணத்தோடுதான் கிளம்பினார் என்று ஐந்தாவது வாக்கியத்தில் தெரியவந்தது.

அமலராணி அவரை முடிக்கவிட்டாள். பிறகு சொன்னாள்: "ஒரே ஆளு கூடவே இருந்து கையால சொல்லிக் குடுக்கணுமாம்ணே, ஒரு வருசம். சீவுறது, கயிறு கட்டி நடக்க வைக்கிறது எல்லாம் அதே ஆளுதானாம். மத்தவங்க கை பட்டாக் கொழம்பிருமாம். நான் குறுக்க வரக் கூடாதுன்னு ஒதுங்கிட்டேன். அவரே பாத்துக்குவாரு."

"பிரமாதம் சார்! நான் இப்பவே குரூப்ல போடுறேன். சாமியார்ட்டயும் சொல்லிருறேன், நாளைக்குப் பிரசங்கத்துல கூடச் சொல்லலாம்."

பெலிக்ஸ் இதைப் பாராட்டாகச் சொன்னாரா, பொறியின் கதவைச் சாத்தினாரா என்பது பெலிக்ஸுக்குத்தான் வெளிச்சம்.

ஏமாற்றி விற்றதாக இனி யாரும் சொல்ல முடியாது என்பதால் கௌசல்யா குட்டியைக் கொடுக்க ஒப்புக்கொண்டாள். ஆனால் கொடுக்குமுன் பாக்கியராஜைச் சும்மா விடவில்லை.

"சார், ஒரு சொல்லு. அலுத்துப்போச்சுன்னா தெருவுல விட்டுறாதீங்க. எங்கிட்டயே கொண்டாந்துருங்க, ஒண்ணும் கேக்க மாட்டேன். இப்ப கைய விரிங்க. அப்படி இல்ல சார், அது பாடம் நடத்துற கை. மூஞ்சிக்கு நேரா, நிதானமா."

அவர் விரித்தார். வாயும் சேர்ந்து "உக்காரு" என்றது.

"வாய் வேணாம் சார்."

வாயில்லாமல் விரித்தார். குட்டி அந்தக் கையைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, பின்பக்கத்தைத் தரையில் வைத்தது. அவருடைய முப்பத்து நாலு வருடத்தில் சத்தம் போடாமல் ஒருவரை உட்காரவைத்தது இதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். பாக்கியராஜ் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

திரும்பும்போது காரில் பேச்சே இல்லை. குட்டி அவர் மடியில் தூங்கியது. லாரி ஒன்று காதைக் கிழிக்கிற மாதிரி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. குட்டி கண்ணைக்கூடத் திறக்கவில்லை. பாக்கியராஜ்தான் திடுக்கிட்டு, கையால் அதை அணைத்துப் பிடித்தார்.

"தவக்காலத்துக்கு எல்லாரும் கறியை விடுவாங்க, அப்பா பேச்சை ஒறுத்தல் பண்ணிட்டாருபோல" என்றாள் லிடியா.

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

"சாக்ரடீஸ்தான பேரு? இனி எந்தப் பேரா இருந்தாலும் ஒண்ணுதான்."

அவர் எந்தத் திருப்பத்தில் லெப்ட் என்றும் சொல்லவில்லை. லிடியா அவளாகவே வீடு கண்டுபிடித்தாள்.

அடுப்படியில் காப்பி கலக்கும்போது லிடியா அம்மாவை இடித்தாள். "நீ பெரிய ஆளும்மா."

"நான் ஒரு பொய்யும் சொல்லலையே."

"பெரிய மனசுன்னியே?"

"நாலு பேருக்குச் சொல்லியாச்சுல்ல. இனி வந்துதான ஆகணும்."

போர்ட்டிகோவில், வெறும் சிமெண்டுத் தரையில் பாக்கியராஜ் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் தரையில் உட்கார்ந்து இந்தத் தெரு பார்த்ததில்லை. எதிர்வீட்டு மாடியிலிருந்து பெலிக்ஸ் அதைப் படம் எடுத்தார். பாக்கியராஜ் அவரைக் கவனிக்கவே இல்லை. கையை விரித்தார், குட்டி உட்கார்ந்தது. கையை மடக்கினார், குட்டி வந்து அவர் முழங்காலில் மோவாயை வைத்தது. புதுச் சீப்பை எடுத்து அதன் காதுக்குப் பின்னால் ஒருமுறை இழுத்தார். தப்பாக இழுத்தார். குட்டி சிணுங்கியதும் சீப்பைக் கீழே வைத்துவிட்டு விரலாலேயே சிக்கெடுத்தார்.

அமலராணி ஜன்னல் வழியாக இதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மனசு இளகுகிறதா என்று சோதித்துப் பார்த்தாள். இளகியது. இளகினாலும் அந்தமான் இருந்த இடத்திலேயே இருந்தது. உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணை அழுத்தினாள்.

"ஜோஸ்பின், நான் அமலா. நான் வாரேன். டிக்கெட் எடுத்துரு."

அந்தப் பக்கம் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. கடலாக இருக்கலாம்.

"என்ன அமலா இப்படிச் சொல்றே?" என்றார் சிஸ்டர் ஜோஸ்பின். "நேத்துதான உங்க வீட்டுக்காரர் பேசுனாரு?"

"யாரு பேசுனா?"

"சார்தான். நீ சொல்லச் சொன்னேன்னு சொன்னாரே. வீட்டுக்கு நாய்க்குட்டி வந்துருச்சு, அதை விட்டுட்டு ஒரு நிமிசம் நகர மாட்டேங்குறா, அதனால வர முடியாதுன்னு வருத்தப்படுறான்னாரு. நீயே ஒரு வார்த்த பேசியிருக்கலாமேன்னு எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக்கூட இருந்துச்சு."

நேற்று அந்த வீட்டில் நாய் இல்லை. நாயின் ஒரு முடிகூட இல்லை.

"ஜோஸ்பின், அந்த எடம்...?"

"திருச்சியில ஒரு டீச்சரைக் கேட்டிருக்கோம் அமலா. யோசிச்சுச் சொல்றேன்னாங்க. அவங்க சரின்னுட்டா நான் வார்த்தை மாற முடியாது."

"இன்னும் சரின்னு சொல்லலைல்ல?"

"இல்ல."

"லைன்லயே இரு. வச்சுராத."

அமலராணி கதவைத் திறந்தாள். லிடியா காப்பித் தம்ளரோடு எதிரே வந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டாள். போர்ட்டிகோவில் பாக்கியராஜ் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டிருக்கும். வீட்டில் அவளுடைய காலடிக்குத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. குட்டிதான் முதலில் பார்த்தது. அது பார்த்த திசையில் அவரும் திரும்பினார்.

மனைவியின் கையில் போன் இருந்தது. அவள் ஸ்பீக்கரைப் போட்டு, அவர் முகத்துக்கு நேராக, நிதானமாக நீட்டினாள்.

"போர்ட் பிளேயர்லருந்து சிஸ்டர். நேத்து நீங்க பேசுனீங்களாமே. மிச்சத்தையும் பேசிருங்க."

பாக்கியராஜ் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். லிடியா வாசல் நிலையில் வந்து நின்றாள். எதிர்வீட்டு மாடியில் பெலிக்ஸ் படம் எடுப்பதை நிறுத்திவிட்டுக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"ஹலோ? சொல்லுங்க சார், கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றது போன்.